பெட்டி இல்லாத பொம்மைகள்

எங்கள் வீடு இருப்பது ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில். மாவோரி மொழியில் ஓவைரக்கா என்று பெயர் கொண்ட பழைய எரிமலைக் குன்றின் அடிவாரம். சாண்ட்ரிங்ஹாம் சாலையின் இந்திய, இலங்கை மளிகைக் கடைகளுக்குச் சனிக்கிழமை காலையில் போய்விட்டுத் திரும்பும்போது ஆப் ஷாப் ஒன்றில் நுழைந்து வருவது எங்கள் குடும்ப வழக்கம். மனைவி புத்தக அடுக்குக்குப் போவாள், மகள் பொம்மைத் தொட்டிக்குப் போவாள். சக்கரம் கழன்ற லாரி, ஒரு கை இல்லாத வீரன், எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று தெரியாத கட்டைகள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். எதை எடுத்தாலும் இரண்டு டாலர்.

தொட்டிக்கு வருவதற்கு முன் அவை பின்னறையில் தரம் பிரிக்கப்படுகின்றன. அங்கே தன்னார்வலராக இருக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் ஒருமுறை, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் எனக் கேட்டேன். பொத்தான் பேட்டரி மூடியில் திருகு இல்லாவிட்டால் குப்பை, கண் ஆடுகிற கரடி குப்பை, வண்ணம் உரிந்த பழைய உலோகக் கார் குப்பை என்று விரல்விட்டு எண்ணினார். "எங்களுக்குச் சந்தேகம் வந்தால் அது குப்பைதான்" என்று முடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சந்தேகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அவருடைய பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் எங்கோ ஏதோ ஒரு குழந்தைக்கு நேர்ந்ததிலிருந்து வந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகத்தின் வரலாறு. எனக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

*

பழைய பொருளை விற்பது எந்த ஊருக்கும் புதிதல்ல. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் 1900 வாக்கில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிராமபோன், பொம்மை என எல்லாம் கிடைத்தன. 1985 மே 30 அன்று அது எரிந்து போனது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. சிற்றூர்களில் காயலான் கடை. ஆனால் மூர் மார்க்கெட்டுக்கும் காயலான் கடைக்கும் இலாபமே நோக்கம். வாங்குகிறவனும் ஏமாறக்கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் உள்ளே போவான்.

தருமத்துக்காகப் பழைய பொருள் விற்கும் கடை வேறு வகை. 1890இல் இரட்சணிய சேனையின் நிறுவனர் வில்லியம் பூத், லண்டன் வீடுகள் கழிக்கும் பொருள்களைச் சேகரித்து ஏழைகளுக்கு வேலையும் பொருளும் ஆக்கும் திட்டத்தைத் தம் புத்தகத்தில் முன்வைத்தார். 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார், பிற்பாடு குட்வில் ஆக வளர்ந்த அமைப்பைத் தொடங்கினார். 1925இல் மெல்பர்னில் லேடி டாலிஸ், புனித வின்சென்ட் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஒரு கடை திறந்து அதற்கு 'வாய்ப்புக் கடை' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆப் ஷாப் என்ற சொல் பரவியது அந்தப் பெயரிலிருந்துதான் என்பார்கள்.

இந்தக் கடையில் வாங்குகிறவர் எச்சரிக்கையோடு வருவதில்லை. கொடுத்தவர் நல்ல மனத்தோடு கொடுத்தார், விற்பவர் நல்ல மனத்தோடு விற்கிறார், வாங்கும் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது. இத்தனை நல்ல மனங்கள் சேர்ந்த இடத்தில் பொருளைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. புலம்பெயர்ந்து வந்த முதல் வருடத்தில் நம்மில் பெரும்பாலோர் இந்தக் கடைகளில்தான் சட்டிபானை முதல் குளிர்காலக் கோட்டு வரை வாங்கினோம். முதுகலை படிக்க வந்தபோது என் அறையில் இருந்த மேசை, விளக்கு, கம்பளி மூன்றும் ஆப் ஷாப் உபயம். அந்தக் கடைகள் மீது எனக்கு இருப்பது நன்றி. கீழே சொல்லப்போவது எதுவும் அந்த நன்றியைக் குறைப்பதற்கல்ல.

*

2018இல் எங்கள் வீட்டின் முன்தாழ்வாரத்துக்கு வண்ணம் அடிக்க ஏற்பாடு செய்தோம். மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு 1880இல் ரயில் வந்தது. 1911இல் அது தனி நகராட்சி ஆனது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் எழுந்த மரப் பங்களாக்கள் இன்றும் தெருத்தெருவாக நிற்கின்றன. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. பழைய வண்ணத்தை உப்புத்தாள் கொண்டு நானே ஒரு வார இறுதி முழுக்கத் தேய்த்தேன். இரண்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் லாரியை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வேறு காரணத்துக்காகப் போன மருத்துவர், பேச்சுவாக்கில் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வீடு எந்த வருடத்தது, தூசி எங்கே போனது, குழந்தை எதை வாயில் வைக்கிறாள் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஈயம் என்ற சொல் எனக்கு அதுவரை ரசத்தோடு சேர்ந்தது. அம்மாவின் ஈயச்சொம்பு, தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரின் குரல். தமிழ் இரண்டு உலோகங்களுக்கு ஒரே பெயரை வைத்து முன்னால் நிறம் ஒட்டிப் பிரித்திருக்கிறது. சமையலறையில் இருக்க வேண்டியது வெள்ளீயம், இருக்கக்கூடாதது காரீயம். பேச்சில் நிறம் உதிர்ந்து வெறும் ஈயம் ஆகிவிட்டது. மருத்துவர் சொன்னது காரீயம்.

நியூசிலாந்தில் 1980க்கு முன் வண்ணம் பூசிய எந்த வீட்டிலும் காரீய வண்ணம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வண்ணம் குழந்தைகளுக்கு என்ன செய்யும் என்பதை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தது நம் பக்கத்து நாட்டில்தான் என்பதை அப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். பிரிஸ்பன் மருத்துவர்கள் 1892இலேயே குழந்தைகளிடம் காரீய நஞ்சைப் பதிவு செய்துவிட்டார்கள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை. குடிநீர்த் தொட்டி, பாத்திரம் என்று தேடினார்கள். லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இல் விடை சொன்னார். தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசிய வண்ணம் குவீன்ஸ்லாந்து வெயிலில் பொடியாகிறது, விளையாடும் பிள்ளைகளின் விரலில் ஒட்டுகிறது, நகம் கடிக்கிற, கட்டைவிரல் சூப்புகிற பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகிறது. பலர் நம்பவில்லை. 1922இல்தான் குவீன்ஸ்லாந்து அரசு பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் காரீய வண்ணம் பூசுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. காரணத்தைச் சொன்ன நாளிலிருந்து சட்டம் வரப் பதினெட்டு ஆண்டுகள். அமெரிக்கா வீட்டு வண்ணத்திலும் பொம்மையிலும் காரீயத்துக்கு வரம்பு கட்டித் தடை செய்தது 1978இல். இந்தியாவில் வீட்டு வண்ணத்துக்கான 90 பிபிஎம் வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

காரீயத்தில் கெட்ட செய்தி இரண்டு. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. மகளின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.19 மைக்ரோமோல் வந்தது. அப்போது நியூசிலாந்தில் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய அளவு 0.48. 2021 ஏப்ரலில் அதைப் பாதியாக்கி 0.24 ஆக மாற்றினார்கள். மகளின் எண் இரண்டுக்கும் கீழேதான். ஆனாலும் 2018இல் தூரத்தில் இருந்த கோடு மூன்று வருடத்தில் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோது, கோடு என்பது எவ்வளவு மனிதர்கள் போடுவது என்று புரிந்தது.

தூசியா, லாரியா என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தூசிதான் பெரும்பாலும் காரணம் என்றார். லாரி ஆப் ஷாப்பில் வாங்கியது. கனமான உலோகம், அடியில் தயாரிப்பாளர் பெயர் தேய்ந்திருந்தது. இந்த நாட்டின் புகழ்பெற்ற ஃபன் ஹோ பொம்மைகளை ஜாக் அண்டர்வுட் 1935இல் வெலிங்டனில் வார்க்கத் தொடங்கியபோது வார்த்த உலோகமே காரீயம்தான். பிறகு டரனாக்கியின் இங்கிள்வுட்டுக்குப் போய் அலுமினியத்துக்கு மாறினார்கள். 1982இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் லாரி எந்த ஆலையில், எந்த ஆண்டில், எந்த வண்ணத்தோடு பிறந்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதைத் தாளில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தேன்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "என்னய்யா, நீங்க எல்லாம் மரப்பாச்சியச் சப்பித்தான வளந்தீக, ஒண்ணும் ஆவலயே?" என்றாள். ஒன்றும் ஆகவில்லைதான். மரப்பாச்சி செம்மரத்தில் செதுக்கியது, மேலே பூச்சு கிடையாது. சப்பினால் நல்லது என்றே பெரியவர்கள் கொடுத்தார்கள். எங்கள் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைசல் வேலை. மரம் சுழலும்போது வண்ண அரக்கை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி மரத்தோடு சேர்ந்துகொள்ளும். யார் கடைந்தார், எந்தத் தெருவில் வாங்கினோம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டில் திருவிழாக் கடையில் வாங்கிய, மெழுகுவத்தி வைத்தால் டப டப என ஓடும் தகரப் படகும் இருந்தது. அதன் விளிம்புகளைப் பற்றவைத்தது எந்த ஈயம் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. நம்முடையது என்பதால் எல்லாம் பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை.

*

காரீயம் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு, அளவு. 1978 டிசம்பரில் அமெரிக்காவில் நான்கு வயதுப் பையன் ஒருவன் விண்கலப் பொம்மை ஒன்றின் சின்ன ஏவுகணை தொண்டையில் சிக்கி இறந்தான். தொலைக்காட்சித் தொடர் ஒன்றையொட்டி மேட்டல் நிறுவனம் விற்ற பொம்மை அது. அந்தக் காலத்தில் மூச்சடைப்பைக் குறித்து நடந்துகொண்டிருந்த வேலைகள் 1980 ஜனவரி 1 முதல் ஒரு விதியாக நடைமுறைக்கு வந்தன. அந்த விதியின் மையம் ஓர் எளிய உருளை. விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறு பக்கம் 57.1. ஏறத்தாழ ஒரு சிறு குழந்தையின் விரிந்த தொண்டை. பொம்மையோ அதிலிருந்து கழன்ற பகுதியோ இந்த உருளைக்குள் முழுதாக அடங்கினால், மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்கு அதை விற்கக்கூடாது.

இந்த உருளை உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஐஎஸ்ஓ 8124 என்ற சர்வதேசத் தர அளவையில் அது உண்டு. நியூசிலாந்தின் 2005ஆம் ஆண்டுப் பொம்மை விதிகள் 36 மாதம் வரையான குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு அந்த அளவையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவின் ஐஎஸ் 9873 அதே அளவையைத் தழுவியது. 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை இல்லாமல் இந்தியாவில் பொம்மை விற்க முடியாது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு. ஆக்லாந்திலும் அம்பாசமுத்திரத்திலும் பிள்ளைகளின் தொண்டை ஒரே அளவுதானே.

சோதனை முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதுப் பொம்மையை அப்படியே உருளையில் போட்டுப் பார்ப்பதோடு முடிவதில்லை. குழந்தை என்னென்ன செய்யக்கூடும் என்று யோசித்து, பொம்மையைக் கீழே போடுகிறார்கள், முறுக்குகிறார்கள், இழுக்கிறார்கள். அதற்குப் பிறகு எது கழன்று விழுகிறது என்று பார்க்கிறார்கள். ஆப் ஷாப் தொட்டியில் கிடக்கும் பொம்மை இந்தச் சோதனைகளை எல்லாம் உண்மையாகவே கடந்து வந்தது. ஒன்றிரண்டு பிள்ளைகள் வருடக்கணக்கில் போட்டு, முறுக்கி, இழுத்திருக்கிறார்கள். அதன்பின் உருளையில் போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

நியூசிலாந்துச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வியாபாரமாக விற்கும் பொம்மை புதியதோ பழையதோ, விதி ஒன்றே. பின்னறைப் பாட்டியின் விரல் எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்பது அந்தச் சட்டம்.

*

2007ஆம் ஆண்டைப் பொம்மை வியாபாரிகள் மறக்க மாட்டார்கள். ஜூனில் தாமஸ் மர ரயில்கள் பதினைந்து இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. வண்ணத்தில் காரீயம். ஆகஸ்டில் மேட்டல் குழுமம் காரீயத்துக்காகவும், கழன்று விழும் காந்தங்களுக்காகவும் இலட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அதே மாதம், மேட்டலுக்குப் பொம்மை செய்து கொடுத்த சீன ஆலை ஒன்றின் உரிமையாளர் சாங் ஷுஹோங் தம் கிடங்கில் தூக்கிட்டுக்கொண்டார். நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிண்டீஸ் மணிகள். தண்ணீர் தெளித்தால் ஒட்டிக்கொள்ளும் இந்த மணிகளில், சேர்க்க வேண்டிய வேதிப்பொருளுக்குப் பதில் மலிவான வேறொன்றைச் சேர்த்திருந்தார்கள். விழுங்கினால் அது உடலுக்குள் போய் மயக்கப் போதையாக மாறியது. குழந்தைகள் நினைவிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிறந்த பொம்மை விருது பெற்றது அதுதான்.

அமெரிக்கா 2008 ஆகஸ்டில் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. பொம்மையின் எந்தப் பகுதியிலும் காரீயம் வரம்பைத் தாண்டக்கூடாது. 2009 பிப்ரவரி 10 முதல், ஏற்கெனவே கடையில் இருக்கும் சரக்குக்கும் இது பொருந்தும். சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தவை பெரிய ஆலைகள். பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகள் அவர்கள் நினைவில் இல்லை. அந்தக் கடைகள் ஒவ்வொரு பொம்மையையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா? கூச்சல் எழுந்ததும் அரசு ஆணையம் ஜனவரியில் விளக்கம் சொன்னது. பழைய பொருள் விற்பவர்கள் சோதனை செய்யத் தேவையில்லை. ஆனால் வரம்பைத் தாண்டிய பொருளை விற்கவும் கூடாது. ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வதை இவ்வளவு நேராக வேறு யாரும் செய்து காட்டியதில்லை.

கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பல கடைகள் குழந்தைப் பொருள் பகுதியையே மூடின. 1985க்கு முன் அச்சான சிறுவர் புத்தகங்கள்கூட மையைக் காரணம் காட்டி அடுக்கிலிருந்து இறங்கின. 2009 நிதி நெருக்கடி நடுவே, வேலை இழந்த குடும்பங்கள் இந்தக் கடைகளை நம்பி வந்த நேரம் அது. 2011 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்திப் பழைய பொருள்களுக்குக் காரீய வரம்பிலிருந்து பெருமளவு விலக்கு அளித்தார்கள். வண்ணத்துக்கான தடையும் நகைகளுக்கான வரம்பும் மட்டும் நீடித்தன. பாதுகாப்பு எவ்வளவு நியாயமானாலும் அதன் விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். புதிது வாங்க வசதி இல்லாதவர் மேல் அது முதலில் விழுகிறது.

ஆய்வகங்கள் கண்டது அந்த விலக்கைப் பற்றி மறுபடி யோசிக்க வைக்கிறது. 2018இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டர்னர், தென்மேற்கு இங்கிலாந்தின் வீடுகள், பாலர் பள்ளிகள், தர்மக் கடைகளிலிருந்து 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை எக்ஸ்ரே கருவியில் பார்த்தார். காரீயம், காட்மியம், புரோமின், குரோமியம் எனப் பல பொம்மைகளில் இருந்தன. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்கள் அதிகச் சிக்கலானவை. வயிற்று அமிலம் போன்ற கரைசலில் ஊறவைத்தபோது சில பொம்மைகள் ஐரோப்பிய வரம்பைத் தாண்டி உலோகங்களை வெளியிட்டன. 2022இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் புதியதும் பழையதுமாக 157 பொம்மைகளைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட், குளோரின் ஏறிய பாராஃபின் ஆகியவை சட்ட வரம்பைத் தாண்டியிருந்தவை பழையவற்றில் 84 சதவீதம், புதியவற்றில் 30 சதவீதம். நான் இரண்டாவது எண்ணையும் கவனிக்கிறேன். புதிய பொம்மைகளிலும் பத்துக்கு மூன்று தேறவில்லை. பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியதை வாங்கினால் தீர்ந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

*

இப்போது என் பங்கு.

2011இல் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லோர் மேசையிலும் ஒரு விளையாட்டுப் பொருள் இருந்தது. 216 குட்டி உலோகக் குண்டுகள், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர், ஒவ்வொன்றும் சக்தி வாய்ந்த காந்தம். நிரல் ஓடி முடியும்வரை அதைக் கனசதுரமாகவும் சங்கிலியாகவும் உருட்டிக்கொண்டிருப்போம். நானும் ஒன்று வாங்கினேன். பெரியவர்களுக்கு மட்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பெட்டி ஒரு மாதத்தில் கிழிந்தது. குண்டுகள் ஒரு பழைய புகைப்பட டப்பிக்குள் போயின.

2014இல் மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு வீடு மாறினோம். வேண்டாதவற்றைப் பெட்டி பெட்டியாக ஆப் ஷாப் வாசலில் இறக்கினேன். நண்பர்கள் தந்து எங்களிடம் தங்கிவிட்ட பொம்மைகள் ஒரு பெட்டி. அந்த டப்பியையும் அதற்குள் போட்டேன். விளையாட்டுப் பொருள்தானே என்ற நினைப்பு. வீட்டைக் காலி செய்த நிம்மதியும் தர்மம் செய்த திருப்தியுமாகத் திரும்பி வந்தேன்.

மகள் பிறந்து தவழத் தொடங்கிய பிறகு, 2017இல், தற்செயலாகப் படித்தேன். ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. நடுவே சிக்கிய குடல் சுவருக்கு ரத்தம் நின்று, திசு செத்து, ஓட்டை விழுகிறது. முதலில் வெறும் வயிற்று வலி, வாந்தி மாதிரிதான் தெரியும். நியூசிலாந்து அரசு இவ்வகைக் காந்தங்களை 2013இல் தற்காலிகமாகவும் 2014இல் காலவரையின்றியும் தடை செய்துவிட்டது. அதாவது, நான் டப்பியைக் கொடுத்த வருடத்தில் அது விற்கவே கூடாத பொருள். எனக்குத் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்ட பின்னறைக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பெட்டியும் எச்சரிக்கையும் இல்லாத டப்பிக்குள் பளபளவென்று கொஞ்சம் மணிகள்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முந்தைய டப்பியைக் கேட்கும் என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை என்பது இன்றும் ஆறுதல். கணக்கு எதுவும் இருக்க முடியாது. பின்னறையிலேயே யாராவது குப்பையில் போட்டிருக்கலாம். ஏதோ ஒரு வீட்டுச் சோபாவின் இடுக்கில் இருக்கலாம். எதுவும் நடக்கவில்லை என்றுதான் எண்ணிக்கொள்கிறேன். அப்படி எண்ணிக்கொள்வதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

தடை வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், 2025 அக்டோபரில் டௌரங்கா மருத்துவர்கள் ஒரு பதிமூன்று வயதுப் பையனைப் பற்றி நியூசிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். இணையத்தில் வாங்கிய 80 முதல் 100 காந்தங்களை விழுங்கியிருந்தான். அறுவைச் சிகிச்சையில் குடலின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். காந்தத்தின் அளவு 5 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது.

*

ஒரு பொம்மையின் வரலாறு அதன் பெட்டியில்தான் எழுதப்படுகிறது. எந்த வயதுக்கு, எந்த ஆலை, எந்தத் தொகுதி எண். திரும்பப் பெறும் அறிவிப்பு வரும்போது அந்த எண்ணைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். பெட்டியோ பொம்மை வீட்டுக்கு வந்த முதல் மணி நேரத்தில் கிழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டார் நினைவுதான் அதன் ஆவணம். கைமாறும்போது அந்த நினைவும் அறுந்துபோகிறது. என் தொழிலில், ஆவணம் இல்லாமல் கைமாறி வந்த பழைய நிரலைத் தொடுவதற்கு முன் பத்து முறை யோசிப்போம். அதே நான்தான் ஒரு டப்பியைச் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

நம் வீடுகளில் பொருள்கள் கைமாறாமல் இருந்ததில்லை. அக்காவின் தொட்டில், சித்தப்பாவின் மூன்று சக்கரச் சைக்கிள், பாட்டியின் கொலுப் பொம்மை. ஆனால் அவை சொல்லோடு சேர்ந்து கைமாறின. "இதுக்கு இந்தக் கால் ஆடும், பாத்துக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆப் ஷாப்பின் பெருமை, கொடுப்பவரும் பெறுபவரும் முகம் பார்க்காமல் இருப்பது. பெறுபவருக்குக் கூச்சம் இல்லை. கூடவே, கால் ஆடும் என்ற அந்தச் செய்தியும் அவருக்குப் போய்ச் சேராது.

இப்போது நாங்கள் கொடுக்கும் பெட்டிகளுக்குள் ஒரு தாள் வைக்கிறோம். எந்த வருடம் வாங்கியது, எங்கே வாங்கியது, எந்தத் துண்டு காணவில்லை. பேட்டரி மூடியின் திருகை இறுக்குவது என் வேலை, தாள் எழுதுவது மகளின் வேலை. நமக்கே சந்தேகம் உள்ளதைத் தர்மம் என்று கொடுப்பதில்லை. நம் குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியதை நம்மைவிட வசதி குறைந்தவர் குழந்தைக்குத் தள்ளிவிடுவதற்கு வேறு பெயர் உண்டு. பின்னறைப் பாட்டி அந்தத் தாள்களைப் படிக்கிறார் என்று தெரியும். ஒருமுறை மகளின் எழுத்துப் பிழையைத் திருத்தி, சிரித்துக்கொண்டே காட்டினார்.

மஞ்சள் லாரி இன்னும் அலமாரி மேலேதான் இருக்கிறது. கொடுக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வரவில்லை. போன வருடம் மகள் அதைக் கண்டுபிடித்து, சுற்றிய தாளைப் பிரித்து, இது யாருடையது என்று கேட்டாள். அவளுடையதுதான் என்றேன். நான்கு சக்கரத்தையும் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனாள். சொல்லாமலே போனாள்.